மேகத்துக்குள் மனப்பாடம்

சிமுலேட்டரின் கதவைத் திறந்தால் முதலில் முகத்தில் அடிப்பது நாற்றம்தான். ஒரு நாளைக்கு நான்கு ஜோடி விமானிகள் அந்தப் பெட்டிக்குள் வியர்த்துவிட்டுப் போகிறார்கள். ஜன்னல் என்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் திரைகள். சாக்ஸ் நாற்றம், வறுத்த கடலை நாற்றம், எவனோ போன மாதம் எடுத்த வாந்தியின் மேல் தெளித்த எலுமிச்சை மருந்தின் நாற்றம் எல்லாம் ஒன்றாகக் கூடி அங்கேயே குடித்தனம் நடத்தின. ஹெட்செட்டின் காதுப் பஞ்சில் ஊரில் உள்ளவர்களின் காது அழுக்கு ஒட்டியிருந்தது. இடது இருக்கைக்கு அடியில் கையை விட்டால் சூயிங்கம் தட்டுப்படும். விமானம் ஓட்டுகிறவர்கள், சம்பந்தி வீட்டுக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைக்காரர்கள், இருக்கைக்கு அடியில் சூயிங்கம் ஒட்டிவிட்டுப் போகிறார்கள்.

கறார் தன் பையிலிருந்து துணியை எடுத்து ஹெட்செட்டைத் துடைத்தாள். தினமும் காலையில் இதுதான் அவளுடைய முதல் வேலை. கறார் என்பது விமானிகள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வைத்த பெயர். மூன்று வருஷமாக ஒருவரைக்கூடத் தோல்வி என்று எழுதாதவளுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்றால், அவள் முகம் அப்படி.

ஆறு இரும்புக் கால்களின் மேல் நிற்கும் பெட்டி அது. உள்ளே நிஜ விமானத்தின் காக்பிட்டை அப்படியே பெயர்த்து வைத்திருந்தார்கள். கால்கள் அசையும்போது உள்ளே இருப்பவனுக்கு நிஜமாகவே பறக்கிற மாதிரி இருக்கும். பின்னிருக்கையில் உட்கார்ந்து மழையையும் மேகத்தையும் வரவழைப்பது, இன்ஜினைக் கெடுப்பது, தரைக்கட்டுப்பாட்டு அதிகாரியின் குரலில் உத்தரவு போடுவது, பக்கத்தில் பறக்கும் பத்து விமானங்களின் குரலிலும் மாறி மாறிப் பேசுவது எல்லாம் கறாரின் வேலை. மேகத்துக்குள் போய்விட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. உடம்பும் பொய் சொல்லும். விமானம் சாய்ந்து கிடக்கும், உடம்போ நேராக இருக்கிறேன் என்று சத்தியம் செய்யும். எதிரே இருக்கும் கருவிகளின் முள்ளையும் எண்களையும் காதில் விழும் உத்தரவையும் மட்டும் நம்பி ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டத் தெரிகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு விமானியையும் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம்.

சட்டம் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பயிற்சி மையத்தில் நடந்தது வெறும் கண்துடைப்பு.

சோதனைக்கு ஒரு தாள் இருந்தது. மொத்தம் எட்டே வரி. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், மாதிரிக்கு ஒன்று எழுதிக் கொடுங்கள் என்று டைரக்டர் கேட்டபோது கறார்தான் எழுதிக் கொடுத்தாள். மாதத்துக்கு ஒரு தாளாக மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் அன்றைக்குப் பேச்சு. யாரும் மாற்றவில்லை. மாற்றினால் சிலர் தோற்பார்கள், தோற்றால் அவர்கள் ஓட்ட வேண்டிய விமானம் நிற்கும், நின்றால் கம்பெனி கத்தும். ஆகவே அதே எட்டு வரி. எல்லார் போனிலும் அதன் படம் இருந்தது. அதற்கு ஜாதகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எப்போது என்ன கஷ்டம் வரும், எப்போது விலகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறதல்லவா? மூன்றாவது வரியில் இடது இன்ஜின் சூடாகும். ஐந்தாவது வரியில் நெரிசல், வரிசையில் வட்டமடிக்க வேண்டும். ஆறாவது வரியில் இருநூறு அடிக்கு இறங்கியும் ரன்வே தெரியாது. மேலே ஏறி இடப்பக்கம் திரும்ப வேண்டும். எட்டாவது வரியில் ரன்வே தெரியும், இறங்கிவிடலாம்.

அவளுக்கு உண்மையில் குமட்டியது அவர்களுடைய நடிப்பைப் பார்த்துத்தான். மூன்றாவது வரி வருவதற்குப் பத்து விநாடி முன்பே கை இன்ஜின் பொத்தான் பக்கம் போய்த் தயாராக நிற்கும். சிவப்பு விளக்கு எரிந்ததும் புருவத்தைத் தூக்கி, "அட, என்னது இது?" என்று துணை விமானியைப் பார்த்து வியப்பார்கள். நரைத்த மீசையோடு ஒரு மனிதன் அப்படி வியப்பதைப் பார்க்கச் சகிக்காது. பார்த்துவிட்டு அவள் கையெழுத்துப் போடுவாள். வீட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள்.

அன்று காலை பத்து மணி சோதனைக்கு வந்தவன் குட்டி. அவள் கணவனின் தம்பி. முப்பத்தெட்டு வயது, தொப்பை, வழுக்கை எல்லாம் வந்தும் வீட்டில் அவன் குட்டிதான். சொந்தக்காரரைச் சோதிக்கக் கூடாது என்று விதி இருந்தது. வேறு ஆள் இல்லை, யார் கேட்கப்போகிறார்கள் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து குட்டி புதுப் பாதையில் கேப்டன். இருப்பதிலேயே நெரிசலான விமான நிலையம், அடைமழைக் காலம், ஒவ்வொரு தடவையும் நூற்றெண்பது பேர். இன்றைய கையெழுத்து கிடைத்தால்தான் அந்த இருக்கை.

அவன் கடலையைக் கொறித்துக்கொண்டே வந்தான். பின்னால் துணை விமானி. கேப்டன் எது சொன்னாலும் தலையாட்டுகிறவன் என்பதால் அவனுக்கு ஆமாஞ்சாமி என்று பெயர்.

"அண்ணி, ஜாதகத்துல ஒண்ணும் மாத்தம் இல்லையே?" என்றான் குட்டி.

"எந்த ஜாதகம்?"

"சும்மா கேட்டேன் அண்ணி. நீங்களே எழுதுனது, நீங்களே தெரியாத மாதிரி கேக்கறீங்க." கடலைத் தோலை உள்ளங்கையிலிருந்து ஊதினான். அது அவள் துடைத்து வைத்த ஹெட்செட்டின் மேல் போய் விழுந்தது. "மத்தியானம் அண்ணன் சாப்பிடக் கூப்பிட்டிருக்கு. சீக்கிரம் முடிச்சிடலாம்."

அந்தத் தோலைத் தட்டிவிடும்போதுதான் அவள் முடிவு செய்தாள். இவன் சாப்பாட்டு நேரத்துக்கு முடிக்கிற வேலை அல்ல இது.

முதல் ஐந்து வரிகளும் ஜாதகப்படியே நடந்தன. இன்ஜின் சூடானதும் குட்டி வியந்தான். ஆமாஞ்சாமியும் கூடச் சேர்ந்து வியந்தான். வட்டமடிக்கச் சொன்னபோது வட்டமடித்தார்கள். கறார் மாறி மாறிக் குரல் கொடுத்தாள்: தடித்த குரலில் ஒரு சரக்கு விமானம், மூக்கால் பேசும் இன்னொன்று, எரிபொருள் குறைவு என்று அவசரப்படும் மூன்றாவது. திரையில் சாம்பல் நிற மேகம், மழை, ஆட்டம். பிறகு கட்டுப்பாட்டு அதிகாரியின் குரலில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"ரன்வே தெரியலைன்னா மூவாயிரம் அடிக்கு ஏறி வலப்பக்கம் திரும்புங்க. இடப்பக்கம் வேற விமானம் இருக்கு. திருப்பிச் சொல்லுங்க."

"தெரியலைன்னா மூவாயிரம் அடி, வலப்பக்கம். இடப்பக்கம் விமானம் இருக்கு," என்றான் குட்டி. அட்சரம் பிசகவில்லை.

அவள் திருப்தியோடு ஒரு விமானத்தை இடப்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். அவன் எதிரே இருந்த சின்னத் திரையில் அது ஒரு புள்ளியாகத் தெரிந்தது. யாராவது பார்த்தால் தெரியும்.

இறங்கினார்கள். ஐந்நூறு அடி. முந்நூறு. இருநூறு. "தெரியலை," என்றான் ஆமாஞ்சாமி. "மேலே போறோம்," என்றான் குட்டி. இன்ஜின் சத்தம் உயர்ந்தது, மூக்கு தூக்கியது. உடனே குட்டியின் கை, யாரையும் கேட்காமல், கொஞ்சமும் தயங்காமல், விமானத்தை இடப்பக்கம் சாய்த்தது.

எச்சரிக்கைக் குரல் கத்தியது. ஆமாஞ்சாமி புள்ளியைப் பார்த்தான், கேப்டனைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. திரைகள் எல்லாம் சிவப்பாயின.

"என்ன அண்ணி இது?" என்றான் குட்டி, திரும்பிப் பார்க்காமலே.

"நீ செத்துட்டே. பின்னாடி உட்கார்ந்திருந்த நூத்தெண்பது பேரும் செத்துட்டாங்க. அந்த விமானத்துல எத்தனை பேரோ, எனக்குக் கணக்குத் தெரியாது."

"தாள்ல இடப்பக்கம்னுதானே இருக்கு?"

"உன் வாயால வலப்பக்கம்னு சொன்னியே."

"சொன்னேன். ஆனா ஆறாவது வரி..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். பிறகு கோபம் வந்துவிட்டது. "நடுவுல மாத்துறது ஏமாத்து வேலை அண்ணி. சொந்தக் கொழுந்தன்கிட்டயே இப்படியா?"

"மேகம் உன் தாளைப் படிச்சிட்டு வருமா?"

வெளியே இரும்புப் படியில் டைரக்டர் நின்றிருந்தார். பேனா மூடியைக் காதுக்குள் விட்டுக் குடைந்து, வெளியே எடுத்து, நுனியில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதே மூடியைப் பேனாவில் மாட்டினார். அந்தப் பேனாவால்தான் அவர் எல்லாச் சான்றிதழ்களிலும் கையெழுத்துப் போடுவார்.

"சத்தம் கேட்டுச்சு. மெஷின் கோளாறுன்னு எழுதிடலாம். மத்தியானம் மறுபடி ஒரு தடவை, பழையபடி," என்றார்.

சிமுலேட்டரைப் பராமரிக்கிறவன் கீழே எண்ணெய்த் துணியோடு நின்றிருந்தான். எல்லாரும் அவனை எண்ணெய் என்றே கூப்பிடுவார்கள். "என் மெஷின்ல கோளாறு இல்லை சார்," என்றான்.

"உன்னை யாரு கேட்டா?"

"தோல்வின்னு எழுதப்போறேன்," என்றாள் கறார்.

டைரக்டர் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அதற்குள் அவள் போன் அடித்தது. கணவன். தம்பி அதற்குள் செய்தி அனுப்பிவிட்டான்.

"என்னம்மா, குட்டியை விழ வெச்சிட்டியாமே," என்றான். "வீட்டு ஆளுன்னு பார்க்க வேண்டாமா? திங்கக்கிழமை புதுப் பதவி. எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"இவன் ஓட்டுற விமானத்துல நீங்க ஏறுவீங்களா?"

"நான் எதுக்கு ஏறணும்?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தனக்கே காதில் விழுந்ததும் அவன் போனை வைத்துவிட்டான்.

அப்போதுதான் குட்டி அந்த வார்த்தையை விட்டான். படியில் உட்கார்ந்திருந்தான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "பின்னாடி உட்கார்ந்து பொத்தானை அமுக்கறது சுலபம் அண்ணி. நீங்க நிஜ மேகத்துக்குள்ள போயி ஆறு வருஷம் ஆச்சு. முன்னாடி உட்காருங்க பார்ப்போம். நான் பின்னாடி உட்கார்றேன். என்ன வரும்னு சொல்ல மாட்டேன்."

டைரக்டர் வேண்டாம் என்றார். அதைக் கேட்டதும் அவளுக்கு வீம்பு வந்துவிட்டது.

"எண்ணெய், இவனுக்கு எந்தப் பொத்தான் எதுக்குன்னு காட்டு," என்றாள். இடது இருக்கையில் போய் உட்கார்ந்தாள். ஹெட்செட்டில் குட்டியின் வியர்வை இன்னும் ஈரமாக இருந்தது. அருவருப்போடு மாட்டிக்கொண்டாள். வலது இருக்கையில் ஆமாஞ்சாமி. எப்படி ஓட்ட வேண்டும் என்று குட்டிக்குக் காட்டிவிட்டு, அவனுடைய சான்றிதழ்க் காகிதத்தில் தோல்வி என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும். அதுதான் அவள் மனத்தில் இருந்தது.

கிளம்பினாள். மேகம் விழுங்கிக்கொண்டது. முள்ளில் கண், எண்ணில் கண், காதில் உத்தரவு. கை பழகிய கைதான், சுகமாகத்தான் இருந்தது. குட்டி பின்னாலிருந்து அதிகாரியின் குரலில் பேசினான். அவனுக்குக் குரல் மாற்றத் தெரியவில்லை. இன்ஜினை அவன் கெடுக்கவில்லை. ஆனால் எரிபொருள் முள் விறுவிறுவென்று இறங்கியது. கவனித்தாள். கவனித்ததில் பெருமையாகக்கூட இருந்தது.

"எரிபொருள் ஒரே ஒரு தடவை இறங்கத்தான் இருக்கு. ரெண்டாவது வாய்ப்பு கிடையாது," என்று ஆமாஞ்சாமிக்குச் சத்தமாகச் சொன்னாள்.

"ஆமாம் மேடம்."

இறங்கினாள். கோடு பிசகாமல், பாய் விரித்த மாதிரி சீராக இறங்கினாள். ஐந்நூறு அடி. முந்நூறு. முள்ளிலேயே கண். இருநூறு.

"தெரியலை," என்றான் ஆமாஞ்சாமி.

அவள் கண்ணைத் தூக்கி வெளியே பார்த்தாள். சாம்பல் நிறம். "மேலே போறோம்," என்று சொல்லி விமானத்தைத் தூக்கி இடப்பக்கம் சாய்த்தாள்.

எண்ணூறு அடி ஏறியதும் வலது இன்ஜின் அடங்கியது. பிறகு இடது. அப்போதுதான் தான் சொன்னதும் செய்ததும் வேறு வேறு என்று அவளுக்கு உறைத்தது. எரிபொருள் தீர்ந்த விமானம் காற்றில் ஊமையாகத் தொங்கிக் கீழே போனது. பெட்டி குலுங்கியது. சிவப்பு.

"சரி," என்றாள், தொண்டையைச் செருமிக்கொண்டு. "ரன்வே தெரியலை, எரிபொருளும் இல்லை. இதுல யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது. ஆள் தப்பிக்கவே முடியாதபடி போட்டா அது சோதனை இல்லை குட்டி."

குட்டியின் முகத்தில் வெற்றிக் களை கொஞ்சமும் இல்லை, பயந்துபோயிருந்தான். "எண்ணெய் அண்ணே, பதிவைத் திருப்பிப் போடுங்க," என்றான்.

எண்ணெய் பதிவைத் திருப்பி ஓட்டினான். திரைகளில் அதே மேகம், அதே இறக்கம். அறுநூறு அடி. ஐந்நூற்றைம்பது. ஐந்நூறு அடியில் மேகம் விலகியது. எதிரே ரன்வே. கல்யாண மண்டபம் மாதிரி இரண்டு பக்கமும் விளக்கு வரிசை, நடுவில் வெள்ளைக் கோடுகள், மழையில் நனைந்து பளபளவென்று நீட்டிப் படுத்திருந்தது. முந்நூறு அடியிலும் இருந்தது. இருநூறு அடியில் கண்ணாடி முழுக்க அதுதான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஆமாஞ்சாமியின் குரல் "தெரியலை" என்றது. அதைப் பார்த்துக்கொண்டே அவளுடைய குரல் "மேலே போறோம்" என்றது.

"எரிபொருளைக் குறைச்சு, மேகத்தைக் கொஞ்சம் தூக்கி வெச்சேன் அண்ணி," என்றான் குட்டி. "நீங்க இறங்கிட்டு வந்து என்னைத் திட்டுவீங்கன்னு நினைச்சேன்."

ஆமாஞ்சாமி உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு நிஜமாவே தெரியலை மேடம்," என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளும் சாம்பல் நிறத்தைத்தான் பார்த்திருந்தாள். இப்போது கேட்டாலும் சத்தியம் செய்வாள்.

வாயில் எச்சில் ஊறியது. பெட்டியைவிட்டு இறங்கி, படிக்கு அடியில் இருந்த வாளியில் வாந்தி எடுத்தாள். இந்த மூன்று வருஷமும் மற்றவர்களைப் பார்த்துத்தான் குமட்டுகிறது என்று நினைத்திருந்தாள்.

டைரக்டர் மட்டும் நிம்மதியாக இருந்தார். "நல்ல வேளை, வெளியாளு யாரும் பார்க்கலை. பதிவை அழிச்சிடுங்க. ரெண்டு பேரும் முகம் கழுவிட்டு வாங்க, தம்பிக்குச் சான்றிதழை நானே போட்டுத் தர்றேன்," என்று பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"எனக்கு வேண்டாம் சார்," என்றான் குட்டி.

அவள் வாயைத் துடைத்துக்கொண்டு அலுவலக அறைக்குள் போனாள். கூரையின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷத்துக்கு ஒன்றாக விமானங்களின் இரைச்சல் தலைக்கு மேலே கடந்து போயிற்று. பதிவேட்டை எடுத்து, தான் கையெழுத்துப் போட்ட பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பிறகு விமானிகளுக்குப் பணி ஒதுக்கும் அறைக்குப் போன் செய்தாள். எடுத்தவள் குரலில் அரைத் தூக்கம்.

"நான் போட்ட சோதனைச் சான்றிதழ் எதுவும் செல்லாது. எழுத்துல பின்னாடி அனுப்பறேன். இப்ப பேரைக் குறிச்சுக்கோங்க, இவங்க யாரையும் மறுபடி சோதிக்காம மேகத்துக்குள்ள அனுப்பக் கூடாது."

"எத்தனை பேரு மேடம்?"

"நூத்தி நாற்பத்தொண்ணு. என்னையும் சேர்த்துக்கோங்க, நூத்தி நாற்பத்திரண்டு."

வாசற்படியில் குட்டி வந்து நின்றான்.

"மேடம், எல்லாரும் அதுல வந்துடுவாங்களே," என்றாள் போனில் இருந்தவள்.

"இந்த நிமிஷம் ஆகாயத்துல இருக்கறது எத்தனை பேருன்னு பார்த்துச் சொல்லுங்க."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அந்தப் பெண்ணின் குரலில் தூக்கம் போயிருந்தது.

"முப்பத்தாறு பேர் மேடம். அவங்க ஓட்டறதுல பதினொரு விமானம் இங்கதான் இறங்க வரிசைல சுத்திக்கிட்டு இருக்கு. கீழே ரன்வே தெரியலையாம்."